அஞ்சாம் வார்டும் என் கம்பும்

வாங்க தம்பி, வாங்க. மதுரையில இருந்து போன் பண்ணினது நீங்கதானே, நாய்க்குட்டி பாக்கணும்னு? இருங்க, இருங்க, கேட்டுல கைய வச்சிராதீங்க! அப்படியே நில்லுங்க. செருப்பைக் கழத்தி அந்த நீலத் தொட்டிக்குள்ள போடுங்க. ரெண்டும் நல்லா முங்கணும். பயப்படாதீங்க, பிளீச்சிங் பவுடர் தண்ணிதான். பத்து நிமிஷம் கெடக்கணும். பத்துன்னா பத்து. ஒம்பதுல எடுத்தா உள்ள விட மாட்டா. யாரா? என் வீட்டுக்காரி, சுப்புத்தாய். அந்தா, வேப்பமரத்துக்கு அங்கிட்டு வாரியலும் கையுமா தூத்துக்கிட்டு நிக்கால்லா, அவதான். நீங்க இந்த பிளாஸ்டிக் சேர்ல உக்காருங்க. நான் கட்டில்ல உக்காந்துக்கிடுதேன்.

என்ன அப்படிப் பாக்கீங்க? கட்டிலு, மண்பானை, சைக்கிளு, கொடியில என் சட்டை, எல்லாம் கேட்டுக்கு வெளிய கெடக்கேன்னு பாக்கீங்களா? ஆமா தம்பி. நான் இந்த வீட்டுக்காரன்தான். வீட்டு வரி ரசீது என் பேர்லதான் வருது. சீனிராஜ், சுகாதார மேஸ்திரி, பணி ஓய்வு. ஆனா இன்னையோட அம்பத்தாறு நாளாச்சு, நான் இந்த கேட்டைத் தாண்டி உள்ள கால் வைக்கல. சாப்பாடு கேட்டு மேல தட்டுல வருது. குழம்பு மட்டும் தனியாத் தூக்குச்சட்டியில வருது. படுக்கிறது இந்த சைக்கிள் கொட்டகையில. எந்த ஊர்லயாவது இந்த அநியாயம் உண்டா? உங்களுக்குச் செருப்பு ஊறணும், எனக்கு யார்ட்டயாவது சொல்லணும். கேளுங்க.

நான் முப்பத்தி மூணு வருஷம் நகராட்சியில மேஸ்திரியா இருந்தவன். காலையில அஞ்சரைக்கு வேலைக்காரங்களை நிப்பாட்டி ஆள் கணக்கு எடுக்கிறது, தெருத்தெருவாப் போயி எங்க சாக்கடை அடைச்சிருக்கு, எங்க குப்பை கெடக்குன்னு பாக்கிறது, இதான் வேலை. சுத்தம்னா என்னன்னு எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்ல. அதை மட்டும் மனசுல வச்சுக்கிடுங்க.

இந்தக் கம்பைப் பாருங்க. தொடாதீங்க, பாருங்க. பிரம்பு. நுனியில ரப்பர் மூடி போட்டது. வேலையில சேந்த ரெண்டாம் மாசம் வாங்கினேன். அடைப்பு இருந்தா, "இந்தா, இந்த எடத்துல குத்துங்க"ன்னு காட்டுறது இந்த நுனிதான். குப்பையைக் கிளறி என்ன ஏதுன்னு பாக்கிறது இந்த நுனிதான். நான் கம்பைத் தரையில ஒரு தட்டு தட்டினா தெருமுக்குல பீடி குடிக்கிற ஆளு அணைச்சிட்டு ஓடி வருவான். ஓய்வு பெறுற அன்னைக்கு சால்வை போட்டாங்க, ஒரு கடிகாரம் குடுத்தாங்க. கடிகாரம் மூணே மாசத்துல நின்னு போச்சு. கம்பு நிக்கல. இன்னைக்கு வரைக்கும் இதை இன்னொருத்தர் கையில நான் குடுத்ததில்ல தம்பி. சுப்புத்தாய் கையிலகூட.

சரி, நாய்க் கதைக்கு வாரேன்.

ஓய்வு பெற்ற பிறகு சும்மா இருக்க முடியாம ஒரு சிப்பிப்பாறை நாய் வளத்தேன். செவலை நிறம், அதனால செவலின்னு பேரு. போன தை மாசம் அது அஞ்சு குட்டி போட்டுச்சு. அஞ்சும் எலி மாதிரி கெடந்துச்சு. பேரு வைக்கணும்லா? சுப்புத்தாய் டைகரு, ராஜா, ராணின்னு என்னென்னமோ சொன்னா. எனக்கு அதெல்லாம் வாயில நுழையல. ஒண்ணாம் வார்டு, ரெண்டாம் வார்டு, மூணாம் வார்டு, நாலாம் வார்டு, அஞ்சாம் வார்டுன்னு வச்சிட்டேன். சிரிக்காதீங்க. அதுக்குப் பொருத்தம் இருக்கு. எங்க ஊர்ல ஒண்ணாம் வார்டுல எல்லாம் வசதியான ஆளுக, மொதல்ல தண்ணி வரும். எங்க ஒண்ணாம் வார்டுக் குட்டியும் மொதல்ல போயி பாலைக் குடிச்சிரும். அஞ்சாம் வார்டு பள்ளத்துல இருக்கு, எது வந்தாலும் கடைசியிலதான் வரும், சாக்கடை மட்டும் மொதல்ல வரும். எங்க அஞ்சாம் வார்டும் அப்படித்தான். சவலைக் குட்டி. பொட்டை. மத்த நாலும் ஏறி மிதிச்சிட்டுப் போகும், இது அடியில கெடந்து கத்தும்.

எனக்கு அதுமேலதான் பிரியம் தம்பி. சர்வீஸ்லயும் எனக்கு அஞ்சாம் வார்டு மேலதான் பிரியம்.

மாசி கடைசியில ஒரு சேதி வந்துச்சு. பார்வோ வைரஸ்னு நாய்க்கு வர்ற ஒரு நோயி ஊருக்குள்ள இறங்கியிருக்கு, குட்டி நாய்களை வாரிக்கிட்டுப் போகுதுன்னாங்க. வாந்தி எடுக்குமாம், ரத்தமாப் பேதியாகுமாம், மூணு நாள்ல முடிஞ்சிருமாம். அஞ்சையும் கூடையில தூக்கிக்கிட்டு கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்க ஒரு டாக்டரம்மா, சின்ன வயசு, நல்லாப் பேசினாங்க. குட்டிகளுக்கு இன்னும் வயசு ஆகல, ரெண்டு வாரம் கழிச்சு மொத ஊசி, அப்புறம் மாசத்துக்கு ஒண்ணு, கடைசி ஊசி போட்டு முடிக்கிற வரைக்கும் வெளி மண்ணுல கால் படக் கூடாதுன்னாங்க. அதோட ஒண்ணு சொன்னாங்க பாருங்க, அதுலதான் நான் ஆடிப் போயிட்டேன். அந்தக் கிருமி பினாயிலுக்குச் சாகாதாம்!

முப்பத்தி மூணு வருஷம் நான் இந்த ஊருக்கு ஊத்தின பினாயிலை நினைச்சுப் பாத்தேன். கண்ணுல தண்ணி வந்துருச்சு.

"அப்ப எதுக்கும்மா சாகும்?"னு கேட்டேன். பிளீச்சிங் பவுடர்னாங்க. அதையும் சும்மா அழுக்கு மேல ஊத்தினா பிரயோசனம் இல்லையாம். மொதல்ல கழிவை அள்ளணும். சோப்புத் தண்ணி போட்டுத் தேய்க்கணும். பிறகு பிளீச்சிங் தண்ணி ஊத்திப் பத்து நிமிஷம் ஊற விடணும். கழுவிட்டு வெயில்ல காயப் போடணும். அந்தத் தண்ணியும் அன்னன்னைக்குப் புதுசாக் கரைக்கணும், நேத்துக் கரைச்சது இன்னைக்கு ஆகாது. இந்தக் கிருமி மண்ணுல மாசக்கணக்குல, வருஷக்கணக்குலகூட உசுரோட கெடக்குமாம். செருப்புல வரும், வேட்டியில வரும், கையில வரும். கடைசியா ஒண்ணு சொன்னாங்க: "வெளிய போயிட்டு வர்ற எதுவா இருந்தாலும் பிளீச்சிங் தண்ணியில முக்காம உள்ள விடாதீங்க ஐயா."

எதுவா இருந்தாலும். நல்லாக் கேட்டுக்கிடுங்க. எதுவா இருந்தாலும்!

அன்னைக்கு ஆரம்பிச்சேன். இந்தத் தொட்டி நான் வாங்கி வச்சது தம்பி. இன்னைக்கு சுப்புத்தாய் என்னமோ அவ தொட்டி மாதிரி அதட்டுதா. கூண்டுக்குக் கம்பி வலை அடிச்சேன். தரைக்கு சிமெண்ட் பூசினேன். ரெண்டு வேளையும் அள்ளி, தேச்சு, ஊத்தி, காய வச்சேன். என் வீட்டுக் கூண்டுல நீங்க இலை போட்டுச் சாப்பிடலாம். பால்காரர் கோமதிநாயகம் தெருமுக்குலயே நின்னு பால் ஊத்தணும்னேன். அவருக்குக் கோவம். "நான் என்ன நாயா?"ன்னாரு. "நீங்க நாயா இருந்தா ஊசி போட்டு உள்ள விட்டுருவேன், மனுசனா இருக்கிறதுதான் சிக்கல்"னேன்.

எது வந்தாலும் முக்கினேன். பேப்பர்காரன் பேப்பரைப் போட்டா அதை முக்கிக் காயப் போட்டுத்தான் படிக்கிறது. பாதிச் சேதி இருக்காது. முருங்கைக்காயை முக்கினேன். அவளோட ஒண்ணுவிட்ட அக்கா மக கல்யாணத்துக்குப் பத்திரிகை வச்சாங்க, அதையும் முக்கினேன். மஞ்ச, செவப்பு எல்லாம் போயி வெள்ளைத் தாளா வந்துச்சு. மண்டபம் எதுன்னு தெரியல. ஒரு குத்துமதிப்பாப் போயி வேற யாரோ கல்யாணத்துல மொய் எழுதிட்டு வந்தோம். நல்ல சாப்பாடு. சுப்புத்தாய்தான் ஒரு வாரம் பேசல.

பிறகு என் மச்சினன் செண்பகராஜ் வந்தான். அவன் கட்சியில வட்டச் செயலாளர். கட்சிக் கரை போட்ட புது வேட்டி, மடிப்புக் கலையாமக் கட்டிக்கிட்டு, "மாமா, குட்டி எப்படி இருக்கு?"ன்னு நேரா கேட்டுக்குள்ள கால வைக்கான். அவன் வீட்டுல ஒரு நாய், அடுத்த வீட்டுல மூணு நாய். விடுவேனா? ஒரு சொம்பு தண்ணியை முழங்காலுக்குக் கீழ சளார்னு ஊத்தினேன். கால்ல ஊத்தினது கரையில பட்டுருச்சு. அஞ்சு நிமிஷத்துல கரையைக் காணும்! வெறும் வெள்ளை வேட்டி. அப்படியே பஜார் வழியா நடந்து போயிருக்கான். நாலு பேரு நிப்பாட்டி, "என்ன அண்ணாச்சி, கட்சிய விட்டு வெலகிட்டீங்களாமே"ன்னு கேட்டுருக்காங்க. சாயங்காலத்துக்குள்ள தலைமை வரைக்கும் போயிருச்சாம். அவன் இன்னைக்கு வரைக்கும் என் வீட்டுப் பக்கம் வரல. ஒரு குட்டி உசுருக்கு முன்னால இதெல்லாம் எம்மாத்திரம் தம்பி?

செருப்பு ஊறுதா? ஊறட்டும். இன்னும் ஆறு நிமிஷம் இருக்கு.

வீட்டுக்குள்ள பாதுகாப்பு பண்ணினாப் போதுமா? வெளியில எதிரி எங்க நிக்கான்னு தெரிய வேண்டாமா? அதனால பழையபடி காலையில அஞ்சரைக்குக் கிளம்பினேன். கையில கம்பு. தெருத்தெருவாப் போயி நாய்க் கழிவைப் பரிசோதனை பண்ணினேன். மூக்கைப் பொத்தாதீங்க, இது பொதுச் சேவை. எந்தத் தெருவுல எந்த நாய்க்கு எப்படிப் போகுதுன்னு பாத்தாத்தானே நோய் எந்தப் பக்கம் இருந்து வருதுன்னு தெரியும்? எங்க கெடந்தாலும் விடுறதில்ல. குனிஞ்சு பாக்க முதுகு ஒத்துக்காது, நுனியால லேசா ஒரு கிளறு கிளறுவேன். கெட்டியா இருந்தா சரி. தண்ணியா இருந்தா, அந்த வீட்டுக் கதவைத் தட்டி எச்சரிக்கை பண்ணிட்டு வருவேன். ரைஸ்மில் தெருவுல ஒரு நாள் ரத்தமாவே கெடந்துச்சு. நல்லாக் கிளறிப் பாத்து உறுதி பண்ணிட்டு, ஓட்டமும் நடையுமா வீட்டுக்கு வந்தேன். குட்டிகளைப் பாக்கிற வரைக்கும் எனக்கு உசுரு ஒடம்புல இல்ல.

வந்த உடனே என்ன பண்ணுவேன்? செருப்பைத் தொட்டியில போடுவேன். காலை முக்குவேன். கையை முழங்கை வரைக்கும் கழுவுவேன். வேட்டியை மாத்துவேன். சுத்தத்துல ஒரு குண்டுமணி குறை சொல்ல முடியாது. அப்புறம் கம்பை எடுத்துக்கிட்டு நேராக் கூண்டுக்குப் போயி ஆள் கணக்கு எடுப்பேன். "ஒண்ணாம் வார்டு!" நுனியால முதுகுல ஒரு தட்டு. "ரெண்டாம் வார்டு!" ஒரு தட்டு. அது பழக்கம் தம்பி, விட முடியல. ஒண்ணுல இருந்து நாலு வரைக்கும் கம்பைக் கண்டா மூலையில போயி ஒண்டிக்கிடும். எட்டித்தான் தட்டணும். அஞ்சாம் வார்டு மட்டும் ஓடி வரும். ஓடி வந்து கம்பு நுனியைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு அந்த ரப்பர் மூடியை நக்கும், கடிக்கும், சூப்பும். பல்லு மொளைக்கிற நேரம்லா. நானும் விட்டுக் குடுப்பேன். காலையில நான் வந்தவுடனே அந்த நுனியை ஒரு கால்மணி நேரம் சூப்பினாத்தான் அதுக்குப் பொழுது விடியும். அம்புட்டுப் பாசம் என்மேல.

அந்தக் குட்டிக்குத்தான் தம்பி வந்துச்சு.

மொத ஊசி போட்டு நாலு நாளு. இன்னும் ஊசி பிடிக்கல போல. காலையில கம்பை நீட்டுதேன், வரல. மூலையில படுத்துக் கெடக்கு. நுரையா ஒரு வாந்தி. மத்தியானம் பேதி. அந்த நாத்தம் ஒண்ணு இருக்கு தம்பி, முப்பத்தி மூணு வருஷம் சாக்கடையில நின்னவன் நான், அப்படி ஒரு நாத்தத்தை நான் மோந்ததில்ல. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கிட்டு ஓடினோம். கால்ல ஊசி குத்தி மருந்துத் தண்ணி ஏத்தினாங்க. "கிருமிக்கு மருந்து கெடையாதுங்க ஐயா, உடம்புல தண்ணி வத்தாமப் பாத்துக்கிட்டா அதுவாத் தாங்கி வரணும்"னாங்க டாக்டரம்மா. சுப்புத்தாய் குட்டியை மடியில போட்டுக்கிட்டு நாலு நாளு அந்த ஆஸ்பத்திரி பெஞ்சுல உக்காந்துருந்தா. புதுச் சேலை. வாந்தி பேதியில பாதி அவ மேலதான் போச்சு. முந்தியால தொடைச்சு விட்டுக்கிட்டே இருந்தா.

நான் அழுதேன். சொல்ல வெக்கம் என்ன? வாசல்ல நின்னு, கம்பு மேல தாடையை ஊனிக்கிட்டு அழுதேன். ஊர்ல இருக்கிற அம்புட்டுக் கழிவையும் பாத்தேன், என் குட்டிக்கு வரப் போறதைப் பாக்கலையேன்னு அழுதேன். மூணாம் நாளு மத்தியானம் சுப்புத்தாய் விரலைத் தண்ணியில தொட்டு குட்டி வாயில வச்சா. நாக்கு வெளிய வந்துச்சு. நக்குச்சு. இன்னொரு தடவை வச்சா. வாலு, இந்தா இம்புட்டுத்தான், ஒரு அசை அசைஞ்சுச்சு. எனக்கு அந்த டாக்டரம்மா கால்ல விழணும்போல இருந்துச்சு.

மத்த நாலையும் உடனே தனித்தனியாப் பிரிச்சு வச்சதுல ஒண்ணுக்கும் வராமத் தப்பிச்சிருச்சு. டாக்டரம்மாவுக்கே ஆச்சரியம். "அதுக நாலும் கம்புகிட்ட வரவே வராதும்மா, பயந்தாங்கொள்ளிக"ன்னேன் நான். எதுக்குச் சொன்னேன்னு தெரியல, பேச்சுவாக்குல சொன்னேன். உடனே அந்தம்மா திரும்பி என் கையைப் பாத்தாங்க. சுப்புத்தாயும் என் கையைப் பாத்தா. பிறகு ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க. எனக்கு ஒண்ணும் புரியல. "நல்ல பிரம்பும்மா, முப்பத்தி மூணு வருஷம் உழைச்சிருக்கு"ன்னு சொன்னேன்.

வீட்டுக்கு வந்தவுடனே நான் விசாரணையை ஆரம்பிச்சேன். யாரு கொண்டு வந்தது? இம்புட்டுக் காவலுக்குள்ள எப்படி நுழைஞ்சுச்சு? மொத ஆளு செண்பகராஜ். ஆனா அவன் வந்து பத்து நாளுக்கு மேல ஆச்சு, அதோட அவனைத்தான் முழுசா முக்கியாச்சு. ரெண்டாவது கோமதிநாயகம். தெருமுக்குல நின்னே ஏவி விட்டாரோன்னு நினைச்சேன். மூணாவது ஒரு காக்கா. ஒத்தைக் கண்ணு மாதிரித் தலையைச் சாச்சுப் பாத்துக்கிட்டு தெனமும் கூண்டு மேல வந்து உக்காரும். எனக்கு இன்னைக்கும் அது மேலதான் சந்தேகம். அந்தா, கம்பத்துல உக்காந்துருக்கு பாருங்க. நான் பேசுறதைக் கேக்குது.

சுப்புத்தாய் எல்லாத்தையும் கேட்டா. கூண்டைத் தேச்சுக்கிட்டே கேட்டா. பிறகு நிமிந்து, "ஏங்க, அந்தக் கம்புலதாங்க வந்துருக்கு"ன்னா.

எனக்கு வந்துச்சு பாருங்க சிரிப்பு. "ஏட்டி, கம்புக்கு எங்கயாவது வயித்தால போகுமா?"ன்னேன். அவ சிரிக்கல. "நீங்க அதை எங்கெங்க விட்டுக் கிளறுதீங்க? அதைத்தானே அஞ்சாம் வார்டு சூப்புச்சு?"ன்னா. படிக்காதவ தம்பி, அவளை நான் குறை சொல்லல. கம்பு நடந்தா போகுது? என் கையிலதானே போகுது? என் கையை முழங்கை வரைக்கும் கழுவுதேன்லா? "சரி, கம்பையும் பிளீச்சிங் தண்ணியில ஊறப் போடுங்க"ன்னா. முப்பத்தி மூணு வருஷத்துப் பிரம்பு! வார்னீஷ் போயிரும், ஊறி வெடிச்சிரும். செண்பகராஜ் வேட்டி என்ன ஆச்சுன்னு பாத்தவன்தானே நான்? மாட்டேன்னுட்டேன்.

மறுநாள் காலையில சோதனைக்குப் போயிட்டுத் திரும்பி வாரேன், கேட்டு சாத்திக் கெடக்கு. உள்பக்கம் பூட்டு. கட்டில் வெளிய கெடக்கு. போர்வை மடிச்சு வச்சிருக்கு. "கம்பு வெளிய, நீங்க உள்ள. இல்லாட்டி ரெண்டு பேரும் வெளிய"ங்கா. எனக்கு விளங்கிப் போச்சு. இது நோயி பத்தின பேச்சே இல்ல. அவளுக்குக் கம்பு மேல பொறாமை. கல்யாணமாகி வந்த நாள்ல இருந்து அது அவளுக்கு ஆகாது. நானும் வைராக்கியமா இங்கனயே உக்காந்துட்டேன். கம்பை விட்டுட்டா நான் யாரு தம்பி? ஏதோ ஒரு கிழவன், அம்புட்டுத்தானே? கம்பு இருந்தாத்தான் மேஸ்திரி.

ஒண்ணு மட்டும் ஒத்துக்கிடுதேன். வருத்தமாத்தான் இருக்கு. அஞ்சாம் வார்டு தெனமும் சாயங்காலம் கேட்டுக்கு அந்தப் பக்கம் வந்து உக்காந்து என்னையே பாக்கும். கம்பிக்கு ஊடால கையை விட்டுத் தொடலாம்னா, அவ வாரியலைத் தூக்கிக்கிட்டு வந்துருவா. அம்பத்தாறு நாளு பாத்துக்கிட்டே இருக்கேன். காது தூக்கி நிக்க ஆரம்பிச்சிருச்சு. காலு நீண்டுருச்சு. எல்லாம் இங்கன இருந்தே பாத்தது. கடைசி ஊசி போன வாரம் போட்டா. கேட்டு மேல ஏறி நின்னு பாத்தேன், கத்தவே இல்ல.

சரி, உங்க கதைக்கு வருவோம். ஒண்ணு, ரெண்டு, நாலாம் வார்டுக் குட்டிகளைப் போன வாரமே வந்து வாங்கிட்டுப் போயிட்டாங்க. மூணாம் வார்டு இருக்கு. நல்ல குட்டி, மார்பு அகலம், ஓட்டம் பிச்சுக்கிடும். உங்களுக்கு ஆண்தானே வேணும்?

பொட்டையா?

பொட்டைதான் வேணுமா? சுப்புத்தாய்ட்டப் போன்லயே சொல்லிட்டீங்களா? அவ என்ன சொன்னா? ஒரு பொட்டை இருக்கு, வந்து கூட்டிக்கிட்டுப் போங்கன்னாளா?

தம்பி. பொட்டைன்னா அங்க ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு.

இல்ல, அது வேண்டாம் தம்பி. அது நோஞ்சான். காது ஒண்ணு கொஞ்சம் கோணல். சொன்ன பேச்சுக் கேக்காது. மதுரைச் சூடு அதுக்கு ஆகாது. மூணாம் வார்டைக் கொண்டு போங்க. நீங்க நல்லா இருப்பீங்க. ஏ சுப்புத்தாய்! ஏட்டி! என்ன இது, என்னைக் கேக்காம அஞ்சாம் வார்டைக் குடுக்கேன்னு சொல்லிருக்க? என்னது? கேட்டீங்களா அவ சொல்லுததை? "கேக்கணும்னா உள்ள வந்து கேளுங்க, கம்பை வச்சிட்டு"ங்கா. எப்படி மடக்குதா பாத்தீங்களா? ஏன் சிரிக்கா? எதுக்கு இப்பச் சிரிக்கா?

அந்தா, கயிறு போட்டுட்டா. கழுத்துல புதுப் பட்டை. கூட்டிக்கிட்டு வாரா. இங்கதான் பாக்குது. தம்பி, அது என்னைத்தான் பாக்குது, உங்களை இல்ல. ஐயோ, வாலு எப்படி ஆட்டுது பாருங்க.

ஒரு நிமிஷம் இந்தக் கம்பைப் புடிங்க. புடிங்க தம்பி, கீழ போட்டுறாதீங்க, ரெண்டு கையாலயும் புடிங்க. இருங்க, நான் போயிட்டு வந்துருதேன்.

ஏட்டி, கேட்டைத் தொற! கம்பு இல்ல, பாரு. ரெண்டு கையும் வெறுங்கை. பாத்தியா? தொற!

சரி, சரி, கழுவுதேன். சோப்பு எங்க? அட, இந்தா கேட்டுக்கு உள்ள, செவரு மறைவுல இருக்கு. புதுச் சோப்பு. வாளியில தண்ணி. கொடியில என் வேட்டி, தொவைச்சு மடிச்சு... ஏ சுப்புத்தாய், இதெல்லாம் எப்ப எடுத்து வச்ச? தெனமுமா? அம்பத்தாறு நாளும் தெனமும் வச்சியா? நீ ஒரு வார்த்தை சொல்லப்படாதா? காலையும் முக்கிட்டேன். பத்து நிமிஷமா? காலுக்குமா? நிக்கேன், நிக்கேன். நின்னுக்கிட்டே தூக்கிக்கிடுதேன், குடு இங்க.

வாடா, வாடா என் அஞ்சாம் வார்டு. எம்புட்டு கனம்! மூஞ்சியை நக்காத, நக்காத, வாயி, ஏ... சரி நக்கு. தம்பி, பாத்தீங்களா? இம்புட்டு நாளும் கம்பு ஒரு கையில இருந்துச்சுல்லா, நான் இவளை ரெண்டு கையாலயும் தூக்கினதே இல்ல. இன்னைக்குத்தான் தூக்குதேன்.

நீங்க ஏன் அங்கனயே நிக்கீங்க? செருப்பு ஊறிருச்சுல்லா, வாங்க உள்ள. என்னது? வரக் கூடாதாமா? யாரு சொன்னா? ஏட்டி, தம்பி மதுரையில இருந்து பஸ் ஏறி வந்துருக்காரு, அவரைப் போயி... "கம்பைத் தொட்ட கை கேட்டைத் தாண்டக் கூடாது"ங்கா தம்பி. பாத்தீங்களா? நான் சொன்னேன்லா? இப்பவாவது என் பாடு உங்களுக்கு விளங்குதா? நியாயமே கெடையாது இவகிட்ட.

மனசுல வச்சுக்கிடாதீங்க. அடுத்த ஞாயித்துக்கிழமை நல்லாக் குளிச்சுட்டு வாங்க, மூணாம் வார்டைத் தரச் சொல்லுதேன். இவளைக் கேக்காதீங்க, இவ எங்கயும் போக மாட்டா. என்னட்டி? போக மாட்டாதானே? தலையாட்டுதா. மொதல்ல இருந்தே குடுக்கிற எண்ணம் இல்ல போலயே இவளுக்கு! கள்ளி.

கம்பா? இல்ல தம்பி, அதைக் கேட்டு மேல சாத்தாதீங்க, இவ வாரியலைத் தூக்குதா. கட்டில் மேலயும் வேண்டாமாம். நீங்களே கொண்டு போங்க. மெய்யாத்தான் சொல்லுதேன். வெறுங்கையோட போக வேண்டாம்லா. கனமா இருக்கா? மொதல்ல அப்படித்தான் இருக்கும். மதுரையில நாய் நெறைய இருக்கும். பஸ் ஸ்டாண்டுக்குப் போற வழியில எங்கயாவது கெடந்தா, குனியாதீங்க, நுனியால லேசா ஒரு கிளறு கிளறிப் பாருங்க. ரெண்டு நாள்ல பழகிரும்.